இதய ஸ்கேனில் விழும் நிழல்: மலையிலிருந்து கோவைக்கு இறங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் யாருக்காவது நெஞ்சுவலி வந்து, டாக்டர் "தாலியம் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. நான் கோத்தகிரிக்காரன். கீழே கோவையில் அந்த இதய ஸ்கேன் எடுக்கும் கேமராவை இயக்கும் வேலையில் இருப்பதால், ஊர்க்காரர்கள் போகும் முன்பும் போன பின்பும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேள்விகள் பலவிதம். ஆனால் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கும்: படத்தில் தெரியும் மங்கல் இதயத்தின் கோளாறா, இல்லை நடுவில் உடம்பு மறைத்துக்கொண்டதா?

தாலியம் ஸ்கேன் என்கிறார்களே, ஊசியில் போடுவது தாலியமா?

இப்போது பெரும்பாலும் இல்லை. பழைய பெயர் நின்றுவிட்டது, மருந்து மாறிவிட்டது. இன்று அதிகம் போடுவது கதிர்வீசும் டெக்னீஷியம்-99எம் சேர்த்த செஸ்டாமிபி அல்லது டெட்ரோஃபோஸ்மின். இரத்தம் நன்றாகப் பாயும் இடத்தில் இதயத் தசை இந்த மருந்தை நிறைய இழுத்துக்கொள்ளும், குறைவாகப் பாயும் இடத்தில் குறைவாக. தசைக்குள் உட்கார்ந்த மருந்திலிருந்து 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா ஃபோட்டான்கள், அதாவது கதிர்த் துணுக்குகள், வெளியே வரும். கேமரா உங்கள் மார்பைச் சுற்றி, வலது முன்பக்கத்தில் தொடங்கி இடது பின்பக்கம் வரை அரைவட்டம் அடித்து, அவற்றை எண்ணிப் படமாக்கும்.

டிரெட்மில்லில் ஓடவிட்டோ மருந்து கொடுத்தோ ஒரு படம், ஓய்வில் ஒரு படம். ஓடும்போது மட்டும் மங்கினால் அடைப்பு இருக்கலாம். இரண்டிலும் மங்கினால் பழைய மாரடைப்பின் தழும்பு. இது புத்தகக் கணக்கு. இதில் உடம்பு குறுக்கிடும்போதுதான் சிக்கல்.

உடம்பு எப்படி மறைக்கும்? காமா கதிர் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும் என்கிறார்களே?

போகும், ஆனால் எல்லாமும் போகாது. 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் தண்ணீரிலோ சதையிலோ சுமார் நாலரை சென்டிமீட்டர் கடப்பதற்குள் பாதியாகக் குறைந்துவிடும். பத்து சென்டிமீட்டர் கடந்தால் நூற்றுக்கு 22 மிஞ்சும். பழைய தாலியம்-201-இன் ஆற்றல் இன்னும் குறைவு, அதனால் இழப்பு இன்னும் கூடுதல். மீதி ஃபோட்டான்கள் உள்ளேயே உறிஞ்சப்படும், அல்லது சிதறித் திசைமாறிப் போகும். இதற்குத்தான் அட்டெனுவேஷன் என்று பெயர்.

கோத்தகிரி ரோட்டில் மஞ்சு இறங்கிய சாயங்காலம் எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கில் குறை ஒன்றுமில்லை, நடுவில் இருக்கும் மஞ்சு அதை மங்கலாக்குகிறது. மஞ்சு எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இருந்தால் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடலாம். மார்பு அப்படி இல்லை. ஒரு பக்கம் காற்று நிறைந்த நுரையீரல், இன்னொரு பக்கம் கல்லீரல், நடுவில் எலும்பு, வெளியே கொழுப்பு. இதயத்தின் ஒரு சுவரிலிருந்து வருவது சுலபமாகத் தப்பிவிடும், இன்னொரு சுவரிலிருந்து வருவது வழியிலேயே கரைந்துவிடும்.

ஆணுக்கு ஒரு இடத்தில், பெண்ணுக்கு ஒரு இடத்தில் மங்கல் வருமாமே?

பொதுவாக ஆமாம். ஆண்களுக்குக் கீழ்ச்சுவர். அது கேமராவிலிருந்து தள்ளி ஆழத்தில் இருக்கிறது, அதன் குறுக்கே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் அதற்குக் கீழே இருப்பவையும் வருகின்றன. தொப்பை இருந்தால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு இன்னும் மோசம். பெண்களுக்கு இடது மார்பகம் குறுக்கே வருவதால் முன்சுவரும் அதை ஒட்டிய பக்கச்சுவரும் மங்கும். பருமனான ஆணுக்கும் முன்சுவர் மங்கலாம், பெண்ணுக்கும் கீழ்ச்சுவர் மங்கலாம், அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெண்கள் விஷயத்தில் ஒன்று. முதல் படத்துக்கு உள்ளாடையுடனும் இரண்டாவது படத்துக்கு இல்லாமலும் படுத்தால், மார்பகம் இருக்கும் இடம் மாறி, நிழலும் இடம் மாறும். அப்போது ஓடும்போது ஒரு மங்கல், ஓய்வில் அது காணோம் என்று வரும். பார்ப்பதற்கு அசல் அடைப்பு மாதிரியே இருக்கும். அதனால் இரண்டு படத்துக்கும் ஒரே மாதிரி படுக்க வைக்க வேண்டும், முடிந்தவரை உள்ளாடை இல்லாமல். பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சமே தேவையில்லை.

"கீழ்ச்சுவரில் ஃபிக்ஸட் டிஃபெக்ட்" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. எனக்கு அட்டாக் வந்ததே இல்லை. தெரியாமல் வந்து போயிருக்குமா?

ஃபிக்ஸட் டிஃபெக்ட் என்றால் இரண்டு படத்திலும் நிற்கும் மங்கல். தெரியாமல் வந்து போவதும் உண்டு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. அதனால் "அட அது நிழல்தான்" என்று நானும் சொல்லமாட்டேன், நீங்களும் முடிவு கட்டாதீர்கள். இதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

படம் எடுக்கும்போது ஈசிஜி வயரை ஒட்டியிருப்பார்கள். அதை வைத்து ஒவ்வொரு துடிப்பையும் எட்டு அல்லது பதினாறு துண்டாகப் பிரித்து, இதயம் சுருங்கி விரிவதைச் சலனப் படமாகப் பார்க்கலாம். கேட்டட் ஸ்பெக்ட் என்பது இதுதான் (ஸ்பெக்ட் என்பது கேமரா இப்படிச் சுற்றி எடுக்கும் ஸ்கேனின் பெயர்). திரையில் அந்தக் கீழ்ச்சுவரை மட்டும் கவனியுங்கள். விரியும்போது மங்கலாக இருக்கும் பட்டை, சுருங்கும் நொடியில் தடித்துப் பளிச்சென்று ஆகிறதா? ஆகிறதென்றால் அங்கே உயிருள்ள தசை வேலை செய்கிறது, தழும்பு அப்படித் தடிக்காது. மற்ற சுவர்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும்போது அந்தத் துண்டு மட்டும் சும்மா நின்றால், நிழல் என்று சொல்லி ஒதுக்க முடியாது.

இதற்கும் எல்லை உண்டு. ஓடும்போது மட்டும் வந்து ஓய்வில் மறைகிற மங்கலை, "சுவர் நன்றாக அசைகிறதே" என்று தள்ளிவிடக் கூடாது. அடைப்பு இருக்கும் தசையும் ஓய்வில் நன்றாகவே அசையும். அசைவுச் சோதனை உதவுவது இரண்டு படத்திலும் நிற்கும் மங்கலுக்குத்தான். மிகச் சின்னத் தழும்பு அதிலும் தப்பிவிடலாம்.

ஈசிஜி, எக்கோ எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொப்பையுள்ள ஆண், ஈசிஜி சாதாரணம், எக்கோவில் சுவர் நன்றாக அசைகிறது, கேட்டட் படத்தில் தடிக்கிறது, உடம்பு மறைத்ததைக் கணக்கிட்டுக் கரெக்‌ஷன் செய்த படத்தில் மங்கல் நிரம்பிவிட்டது. இத்தனையும் ஒன்று சேர்ந்தால் அது நிழல்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அட்டெனுவேஷன் கரெக்‌ஷன் எப்படிச் செய்கிறார்கள்?

உடம்பின் எந்தப் புள்ளி எவ்வளவு ஃபோட்டானைத் தின்னும் என்று ஒரு வரைபடம் வேண்டும். 1978-இல் சாங் என்பவர் கொடுத்த பழைய வழி, உடம்பு முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். தலைக்கு அது ஓடும். நுரையீரல் இருக்கிற மார்புக்கு ஓடாது. பிறகு கடோலினியம்-153 கம்பியை உடம்பின் மறுபக்கம் வைத்து, அதிலிருந்து வரும் கதிர் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். அதன் ஃபோட்டான்கள் சுமார் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கம்பி நாளாக ஆகத் தேயும், வரைபடமும் சொரசொரப்பாக இருக்கும்.

இப்போது கேமராவோடு ஒட்டிய சிடி ஸ்கேன்தான் பெரும்பாலும். சிடி படத்தில் காற்று மைனஸ் 1000, தண்ணீர் பூஜ்யம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் இருக்கும். ஆனால் சிடியின் எக்ஸ்ரே ஆற்றல் வேறு, நம் 140 வேறு. அதனால் அந்த எண்களை 140-க்கு உரிய இழப்பு அளவாக மாற்றுவார்கள்: காற்றிலிருந்து தண்ணீர் வரை ஒரு சரிவு, அதற்கு மேல் எலும்புக்கு இன்னொரு சரிவு. படத்தைத் திரும்பத் திரும்பக் கட்டிச் சரிபார்க்கும் கணக்குக்குள் இந்த வரைபடம் நுழைந்து, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு தொலைந்ததோ அதைத் திருப்பிச் சேர்க்கும்.

இதோடு சிதறல் கரெக்‌ஷனும் சேர வேண்டும். மருந்தைக் கல்லீரலும் குடலும் நிறையவே எடுத்துக்கொள்ளும். அவை கீழ்ச்சுவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அங்கிருந்து சிதறி வருவதை வடிகட்டாமல் கரெக்‌ஷனை மட்டும் போட்டால், அந்தத் திருட்டு வெளிச்சத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடும். கீழ்ச்சுவரில் உண்மையிலேயே அடைப்பு இருந்தாலும் அது மூடிப்போகலாம். ஊசி போட்டபின் காத்திருக்கச் சொல்வதும், தண்ணீர் குடி, ஏதாவது சாப்பிடு என்று அனுப்புவதும் கல்லீரலிலும் குடலிலும் இருக்கும் மருந்து விலகி வழிவிடத்தான். அந்த நேரத்தில் "சீக்கிரம் எடுங்க, கடைசி பஸ் போயிடும்" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அப்போ கரெக்‌ஷன் செய்த படம்தான் உண்மை, மற்றது பொய்?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கரெக்‌ஷன் பல பொய் மங்கல்களை அழிக்கும், நல்ல இதயத்தை நல்ல இதயம் என்று சொல்லும் திறனைக் கூட்டும். 2002-லேயே அமெரிக்காவின் அணு இதயவியல் சங்கமும் அணு மருத்துவச் சங்கமும் சேர்ந்து இதைப் பரிந்துரைத்துவிட்டன. ஆனால் வரைபடம் தப்பாகப் பொருந்தினால் கரெக்‌ஷனே ஒரு புது மங்கலை உண்டாக்கும்.

எப்படி? சிடி சில நொடிகளில் முடிந்துவிடும். கேமரா படம் பத்துப் பதினைந்து நிமிடம் போகும், அதற்குள் நீங்கள் எத்தனையோ தடவை மூச்சு விட்டிருப்பீர்கள். சிடி எடுக்கும் நொடியில் நீங்கள் ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் உதரவிதானம் கீழே போகும், இதயமும் கூடவே இறங்கும், நுரையீரல் விரியும். கேமராவின் சராசரி இதயம் ஒரு இடத்தில், சிடியின் இதயம் இன்னொரு இடத்தில்.

நாங்கள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். சாம்பல் நிற சிடி மேலே வண்ணத்தில் இதயச் சுவர். எல்லாம் சரியாக இருந்தால் வண்ணம் சாம்பலுக்குள் அடங்கி உட்காரும். சரியில்லை என்றால் பக்கச்சுவரின் ஓரம் ஒரு கீற்று போல நுரையீரலின் கறுப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கீற்று காற்றுக்குள் இருப்பதாகக் கணினி நம்பிவிடும். காற்றில் இழப்பு குறைவு, அதனால் அங்கே குறைவாகவே திருப்பிச் சேர்க்கும். விளைவு, முன்சுவரிலோ பக்கச்சுவரிலோ இல்லாத ஒரு மங்கல். சில மில்லிமீட்டர் விலகலே போதும். அந்த மாதிரி நேரத்தில் சிடியைத் திரையில் கையால் நகர்த்திப் பொருத்தி, படத்தை மறுபடி கட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஆனால் கூட்டமான நாளில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். என்னைக் கேட்டால், பொருத்தம் பார்க்காத கரெக்‌ஷனைவிடக் கரெக்‌ஷனே இல்லாத படம் மேல். அதன் குறைகள் என்னென்ன என்று படிக்கிற டாக்டருக்குத் தெரியும்.

அதனால் சிடி நேரத்தில் "சாதாரணமா மூச்சு விடுங்க" என்று சொன்னால், சாதாரணமாகவே விடுங்கள். நல்ல பிள்ளையாக நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று, கரெக்‌ஷன் செய்த படத்தில் இதயத்தின் நுனி கொஞ்சம் மங்கித் தெரிவது இயல்பு. நுனியில் தசை மெல்லியது. கரெக்‌ஷன் இல்லாத படத்தின் அளவுகோலை வைத்து இதைப் படித்தால் வீண் பயம் வரும்.

நாங்கள் போகும் இடத்தில் சிடி சேர்ந்த கேமரா இல்லை. ஸ்கேன் வீணா?

வீணில்லை. உலகில் இன்றும் ஏராளமான இடங்களில் சிடி இல்லாமல்தான் எடுக்கிறார்கள். கேட்டட் படம் இருக்கிறது. அதோடு குப்புறப் படுக்க வைத்து ஒரு படம் கூடுதலாக எடுக்கலாம். குப்புறப் படுத்தால் உதரவிதானமும் இதயமும் சற்று விலகிக் கீழ்ச்சுவர் தெளியும். மல்லாந்து படுத்தபோது இருந்த மங்கல் குப்புறப் படுத்ததும் மறைந்தால் அது பெரும்பாலும் நிழல். ஆனால் குப்புறப் படுத்த படத்தில் முன்பக்க இடைச்சுவர் அருகே புதிதாக ஒரு பொய் மங்கல் வரலாம், அதனால் அதை மட்டும் தனியாகப் படிக்க மாட்டார்கள். சிடியே இல்லாமல் கேமரா படத்திலிருந்தே வரைபடத்தை ஊகிக்கும் கணினி நிரல்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. நன்றாகத்தான் தெரிகிறது, ஆனாலும் எதைப் பார்த்து ஊகித்தது என்று கேட்டால் பதில் சொல்லாத ஒன்றை நான் இப்போதைக்குத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

சிடி சேர்ந்தால் கதிர்வீச்சு அதிகமாகுமே?

கொஞ்சம். ஒரே நாளில் இரண்டு ஊசிக்கும் சேர்த்துச் சுமார் 10 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) என்றால், கரெக்‌ஷனுக்கான சிடி பொதுவாக 1-க்கும் கீழே. இயற்கையாக ஒரு மனிதருக்கு உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. கர்ப்பமாக இருந்தால், பால் கொடுப்பவராக இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மருந்தின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடியுங்கள், திரும்பும் பஸ்ஸில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வர வேண்டாம்.

மலையில் உயரத்தில் இருப்பதால் படம் மாறுமா?

மாறாது. உயரம் கூடினால் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கடற்கரையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வகம் வைத்திருப்பதும் இந்த உயரத்துக்காகத்தான். இதயப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டீ குடிக்கக் கூடாது என்கிறார்கள். ஒரு கிளாஸ்கூடவா?

ஒரு கிளாஸ்கூட. ஓட முடியாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்து கொடுத்து இரத்தக் குழாய்களை விரிப்பார்கள். டீ, காபியில் இருக்கும் கஃபீன் அந்த மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். தடுத்தால் அடைப்பு இருந்தும் படம் நன்றாக வரும், எந்தக் கரெக்‌ஷனாலும் அதைச் சரிசெய்ய முடியாது. குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். சாக்லேட்டும் கூடாது, ஊட்டி ஹோம்மேட் உட்பட. தேயிலைத் தோட்டத்துக்காரரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். "பால் ஊத்தினா பரவாயில்லையா" என்று கேட்பார்கள். அதுவும் கூடாது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை எடுத்தால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம், வெறும் வயிற்றில் காலையில் கொண்டை ஊசி வளைவில் இறங்கிப் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்து, வாடி வதங்கி வந்து சேர்கிறவர்கள் உண்டு. முடிந்தால் முதல் நாளே இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

ஸ்வெட்டர், தாலி எல்லாம் கழற்ற வேண்டுமா?

கம்பளி ஒன்றும் செய்யாது. ஜிப், உலோகப் பட்டன், சட்டைப் பையில் சில்லறை, இவைதான் தொல்லை. மார்பின் மேல் கிடக்கும் தங்கம் ஃபோட்டானையும் தடுக்கும், சிடியில் கோடு கோடாகவும் இழுக்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கொடியைத் தோள் பக்கம் மேலே ஏற்றிவிட்டால் போதும், சொன்னால் செய்து கொடுப்பார்கள். பேஸ்மேக்கரைக் கழற்ற முடியாது, ஆனால் இருக்கிறது என்று சொல்லுங்கள், அதன் உலோகம் வரைபடத்தைக் கெடுக்கலாம்.

கை தூக்கி வைக்க முடியவில்லை. தோள்பட்டை வலி.

தேயிலை பறித்துப் பறித்துத் தோள் போன அம்மாக்கள் நிறையப் பேர் இதைச் சொல்லாமலே படுத்துவிடுவார்கள். பத்தாவது நிமிடத்தில் கை தானாக இறங்கும். இடது கை கீழே வந்தால் அதுவே ஒரு புது நிழல். படம் நடுவில் அசைந்துவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். முன்னாலேயே சொன்னால் தலையணை வைத்து, கைக்குத் தாங்கல் கொடுத்து, வலிக்காமல் படுக்க வைக்கலாம்.

பெட் ஸ்கேனில் இந்தப் பிரச்சினை இல்லையா?

பெட்டும் ஊசி மருந்திலிருந்து வரும் கதிரை எண்ணும் ஸ்கேன்தான். இழப்பு அங்கே இன்னும் அதிகம், ஆனால் சரிசெய்வது சுத்தமாக நடக்கும். இரண்டு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும், ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் சேர்ந்து கடப்பது அந்தக் கோட்டில் உடம்பின் முழுத் தடிமனையும்தான், மருந்து எந்த ஆழத்தில் இருந்தாலும் இழப்பு ஒன்றே. அதனால் கணக்கு துல்லியம். மூச்சு, பொருத்தம் பற்றிச் சொன்ன எச்சரிக்கை மட்டும் இதற்கும் உண்டு. இதய இரத்த ஓட்டத்துக்கான ருபிடியம்-82 ஒன்றே கால் நிமிடத்தில் பாதியாகிவிடும், நைட்ரஜன்-13 சேர்த்த அமோனியா பத்து நிமிடத்தில். மருந்தை அந்த இடத்திலேயே தயாரிக்க வேண்டும், செலவும் அதற்கேற்ப.

ஒரே நாளில் முடியுமா, இரண்டு தடவை இறங்க வேண்டுமா?

முதலில் ஓடும் படத்தை எடுத்து, கரெக்‌ஷன் செய்து, பொருத்தமும் பார்த்து, அது முழுக்கச் சுத்தமாக இருந்தால் ஓய்வுப் படம் தேவையில்லாமல் போகலாம். ஒரு ஊசி, ஒரு படம், கதிர்வீச்சும் குறைவு. கரெக்‌ஷன் இல்லாத இடத்தில் கீழ்ச்சுவரின் லேசான மங்கலுக்காகவே இரண்டாவது படமும் எடுக்க வேண்டியிருக்கும். மலையிலிருந்து வருபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம், குறிப்பாகச் சீசனில். மேலே ஏற குன்னூர் வழி, கீழே இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கிவிட்டால், இன்னொரு முறை வந்து போக ஒரு நாள் போய்விடும். "ஓடும் படத்தை முதலில் எடுப்பீர்களா" என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அந்த சிடியில் வேறு ஏதாவது தெரியுமா?

தெரியும். அடைப்பைக் காட்டும் அளவுக்கு அது தெளிவானதில்லை. ஆனால் இதயக் குழாயில் படிந்த சுண்ணாம்பு, நுரையீரலில் ஒரு கட்டி இவையெல்லாம் கண்ணில் படும். கரெக்‌ஷனுக்கு எடுத்ததுதானே என்று யாரும் பார்க்காமல் விடக் கூடாது. ரிப்போர்ட்டில் சிடியைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பி வரும்போது என்னென்ன வாங்கி வர வேண்டும்?

கலர் பிரிண்ட் மட்டும் போதாது. ஊட்டியிலோ குன்னூரிலோ உங்கள் டாக்டர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ கரெக்‌ஷன் செய்த படம், செய்யாத படம், கேட்டட் சலனப் படம் மூன்றும் வேண்டும் என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் கரெக்‌ஷன் செய்யப்பட்டதா, பொருத்தம் பார்க்கப்பட்டதா என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் கவுன்டரிலேயே நின்று கேளுங்கள், மேலே ஏறிய பிறகு போனில் கேட்டால் பதில் வர வாரமாகும். உங்கள் உயரம், எடை, பெண்களுக்கு மார்பு அளவு ஆகியவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள், அடுத்த வருடம் வேறு யாராவது இந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போது அந்த எண்கள் உதவும்.